வாய்தா

நவம்பர் இருட்டு மூன்று மணிக்கே
கெமி நகரத்துச் சன்னலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அதனுடன் வந்தது அந்த மின்னஞ்சல்:
உங்கள் கணக்கு நெடுநாளாகச் செயல்படவில்லை,
முப்பது நாளில்
உள்ளிருப்பவை யாவும் அழிக்கப்படும்.
எழுதியவருக்குப் பெயரில்லை.
பதில் போட வேண்டாம் என்று கீழே ஒரு வரி.

கணக்கு தௌனோவுடையது.
மாற்று முகவரி என்று என்னைக் கொடுத்திருந்தான்.
செயல்படாமல் போனது
கணக்கு மட்டுமில்லை.

கடவுச்சொல் தெரியும்:
முதல் படகின் பெயர், பின்னால் அது மூழ்கிய வருடம்.
சரி என்றது திரை, ஆனாலும் நம்பவில்லை.
ஐந்தில் முடியும் கைபேசிக்கு
ஆறு எண்கள் அனுப்பியிருக்கிறோம் என்றது.
அந்தக் கைபேசி இழுப்பறையில் கிடந்தது.
எண்ணை நானேதான் ரத்து செய்திருந்தேன்,
மாதம் பதினெட்டு யூரோ மிச்சம் என்று.

இறந்தவனின் எண்ணை அழுத்துமுன்
எவ்வளவு நேரம் கையைப் பிசைந்தேன் என்று
சொல்ல மாட்டேன்.
மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"ஒஸ்மோ."
பின்னால் லாரி எஞ்சின், வைப்பரின் கீச்சு.
"இப்போதுதான் ஏதோ எண் வந்தது.
நீங்கள் மோசடிக்காரியா?"
இல்லை, விதவை என்றேன்.
கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.
அப்புறம் வண்டியை ஓரங்கட்டி
நான்கு, பூஜ்யம், நான்கு, ஒன்று, ஏழு, ஏழு என
மரக்கட்டை எண்ணுகிறவர் போல வாசித்தார்.

உள்ளே போய் எட்டிப் பார்த்தால் போதாதாம்.
எதையாவது திறக்க வேண்டும், எதையாவது சேர்க்க வேண்டும்.
என்ன இருக்கிறது உள்ளே? சொன்னால் சிரிப்பீர்கள்.
பேரங்காடி வாகன நிறுத்தத்தின் தூண்கள்:
எழுபத்திரண்டு, எட்டு, மறுபடி எழுபத்திரண்டு.
பதினோரு வருடத் தண்ணீர் மீட்டர்.
பனியில் விழுந்த ஒற்றைக் கையுறை.
கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல்.
நான் இருக்கும் படங்களில் பாதியில்
எனக்குத் தலையில்லை.

அப்புறம் ஓர் ஒலிக்கோப்பு,
முப்பத்தேழு நிமிடம்.
அவன் குறட்டை.
ஆதாரத்துக்காக
அவன் கைபேசியிலேயே நான்தான் பதிந்தேன்.
காலையில் போட்டுக் காட்டியபோது
"பனி உடைக்கும் கப்பல்" என்றான்,
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று தண்ணீர் மீட்டரைப் படமெடுத்துச் சேர்த்தேன்.
வழக்குக்கு வாய்தா கிடைத்தது.
கெடு இரண்டு வருடம்தான், ஆனாலும்
ஒவ்வொரு நவம்பரும் போய் நிற்கிறேன்.

மகள் ஈரிஸ் ஓலுவிலிருந்து சொல்கிறாள்:
எல்லாவற்றையும் இறக்கி ஒரு பெட்டியில் போடும்மா,
எண்ணையும் மாற்றிவிடு, அரை மணி வேலை.
தெரியும்.
அரை மணி வேலைதான்.

போன வருடம் ஒஸ்மோவுக்குக்
குறைந்த விலையில் புது எண் தருவதாகச் சொன்னார்களாம்.
"வேண்டாம் என்றுவிட்டேன்.
நவம்பரில் ஒரு வேலை இருக்கிறது."
அன்றுதான் அவரிடம் கப்பல் கதையைச் சொன்னேன்.

இந்த வருடம் ஆறு எண்களும் வாங்கிய பின்
இணைப்பைத் துண்டிக்க மறந்து
கோப்பைத் திறந்துவிட்டேன்.
சமையலறை முழுக்கத் தௌனோ
இழுத்தான், நிறுத்தினான்
(அந்த நிறுத்தத்தில் எத்தனை இரவு
அடுத்தது வருமா என்று
விழித்துக் கிடந்திருக்கிறேன்)
விட்டான்.

மறுமுனையில் எஞ்சின் அணைந்தது.
காட்டுப் பாதையோரம் எங்கோ
முப்பது டன் பைன் மரம் அசையாமல் நிற்க
ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"துவோவி," என்றார் கடைசியில்,
"இது கப்பல் இல்லை."

நான்கு வருடம் கழித்து எனக்கொரு சாட்சி.
எதிர்வாதி ஆஜராகவில்லை.

டார்ச்சைத் தேடி எடுத்து
மாடிப்படிக்குக் கீழே குனிந்து
மீட்டரைப் படமெடுத்தேன்.
எண் அதிகம் நகர்ந்திருக்கவில்லை,
ஒருத்தி குளிக்க எவ்வளவு தண்ணீர் ஆகும்.